தாலி கட்டும் நேரத்தில் ஒரு தும்மல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. காசிமேட்டிலிருந்து ஒரு மணப்பெண்ணின் ஆயா. பேத்தியின் கல்யாண வீடியோவை முதல் நாள் ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

“ஏம்மா, தாலி கட்டுறப்ப எவனோ தும்முறான்மா. அன்னிக்கு மண்டபத்துல நாங்க யாரும் கேக்கல. உன் கேசட்டுல மட்டும் எப்படிம்மா வந்துச்சு?”

அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “மேளத்தையே காணோமே, எடுத்துட்டியா?” என்றார்.

எடுத்துத்தான் விட்டேன்.

நான் காலடிப்பேட்டையில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். கேமரா தூக்குவதில்லை. தண்டையார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தனுப்புவார். வெட்டி, ஒட்டி, கலரையும் சத்தத்தையும் சரி செய்து திருப்பிக் கொடுப்பேன். ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் சத்த வேலையில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நைனா திருவொற்றியூரில் முப்பது வருஷம் மைக் செட் போட்டவர். கூம்பு ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். எனக்கா சத்தம் தெரியாது என்கிற நினைப்பு.

அந்தக் கல்யாணத்துக்கு என்னிடம் வந்தது இரண்டே இரண்டு ஒலி. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் குத்தியிருந்த வயர்லெஸ் மைக் ஒன்று. கேமராவின் தலையிலேயே இருக்கும் மைக் இன்னொன்று. கேமரா மைக்கில் ஆட்டோ கெயினை அணைக்க மறந்திருக்கிறார்கள். சத்தம் குறைந்தால் கேமரா தானே ஏற்றிக்கொள்ளும், கூடினால் தானே இறக்கிக்கொள்ளும். பேட்டி எடுக்கிறவனுக்கு அது வரம். கெட்டிமேளத்துக்கு எமன்.

எப்படியென்று சொல்கிறேன். அய்யர் மந்திரம் சொல்லும்போது சத்தம் குறைவு, அதனால் கெயின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அவர் விரலை ஆட்டி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும் தவில் இடி மாதிரி விழும். அந்த முதல் அடியை வேவ்ஃபார்மில், அதாவது சத்தத்தை அலையாக வரைந்து காட்டும் படத்தில், பெரிதாக்கிப் பார்த்தால் மேலும் கீழும் கத்தியால் சீவின மாதிரி தட்டையாக நிற்கும். டிஜிட்டலில் 0 டெசிபலுக்கு மேல் மாடி கிடையாது. அங்கே முட்டியது முட்டியதுதான். டீ-க்ளிப் என்கிற எஃபெக்ட் ஒன்று இருக்கிறது, சீவப்பட்ட முனை எப்படி இருந்திருக்கும் என்று அது ஊகித்து வரையும். ஊகம்தான், உயிர் வராது. இதற்குள் கேமரா பயந்துபோய் கெயினை மொத்தமாக இறக்கிவிடும். மேளம் நின்ற பிறகு இரண்டு மூன்று வினாடிக்கு மண்டபமே கிணற்றுக்குள் போன மாதிரி இருக்கும். அப்புறம்தான் மெல்ல மெல்ல மேலே வரும்.

ராத்திரி இரண்டு மணி. காலையில் வேண்டும் என்று அண்ணன் மூன்று தடவை மெசேஜ் போட்டாயிற்று. கேமரா ட்ராக்கை மொத்தமாக மியூட் செய்தேன். மாப்பிள்ளை மைக்கில் அய்யரின் மந்திரம் தெளிவாக இருக்க வேண்டுமே என்று குரலைப் பிரிக்கும் எஃபெக்ட்டைப் போட்டு 100 சதவீதத்துக்கு இழுத்தேன்.

இந்த எஃபெக்ட்டுக்கு எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ஒரு பேர், டாவின்சி ரிசால்வில் வாய்ஸ் ஐசொலேஷன், பிரீமியரில் என்ஹான்ஸ் ஸ்பீச். பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான், மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடும். பழைய நாய்ஸ் ரிடக்ஷன் இப்படி இல்லை. ஆடாசிட்டி என்கிற ஆடியோ சாஃப்ட்வேரில் பார்த்திருப்பீர்கள், யாரும் பேசாத ஒரு வினாடியைக் காட்டி ‘இதுதான் இரைச்சல்’ என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை அது நன்றாகக் கழித்துக் கொடுக்கும். ரொம்ப இழுத்தால் பேசுகிறவர் தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். புதுசுக்கு நாம் எதையும் காட்ட வேண்டாம். குரல் என்றால் எது என்று ஏகப்பட்ட குரல்களைக் கேட்க வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். அதற்கு நாதஸ்வரம் குரல் இல்லை. எனவே குப்பை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷினும் தோடி ஆலாபனையும் அதன் காதில் ஒன்றுதான்.

மந்திரம் கண்ணாடி மாதிரி வந்தது. கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மேளம் இருக்க வேண்டிய 14 வினாடி வெறுமையாக இருந்ததால், இலவசமாகக் கிடைக்கும் ஒரு புல்லாங்குழல் துண்டை மெல்லியதாக அடியில் ஓடவிட்டேன். அந்த 14 வினாடியைத் திரும்பக் கேட்கவில்லை. ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஆயா போனை வைத்த பிறகு கேட்டேன். குழல். ஒரு குழந்தையின் சிணுங்கல். யாரோ “முன்னாடி நிக்காதப்பா, மறைக்குது” என்கிறார். பிறகு, மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போயிருக்கும்போது, சுத்தமாக, கூர்மையாக ஒரு தும்மல்.

கெட்டிமேளம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் வேண்டாதது எதுவும் காதில் விழக்கூடாது. தும்மலோ அழுகையோ, யாராவது வாய் தவறிச் சொல்லும் சொல்லோ, எதுவானாலும் மேளத்துக்கு அடியில் போய்விட வேண்டும். சவுண்டு படித்தவர்கள் இதையே மாஸ்கிங் என்கிறார்கள். பலமான சத்தம் ஓடும்போது அதன் பக்கத்திலிருக்கும் சின்னச் சத்தம் காதுக்கு எட்டாது. எம்பி3 கோப்பு அவ்வளவு சின்னதாக இருப்பதற்கும் இது ஒரு காரணம், எப்படியும் காதில் விழாததை அது எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஆக, அந்தத் தும்மலை மூடுவதற்காகவே காசு கொடுத்து ஒரு ஜமா உட்காரவைத்திருந்தார்கள். நான் ஜமாவை வெளியே அனுப்பிவிட்டு, மூடியிருந்ததை எடுத்து நடுக்கூடத்தில் வைத்திருக்கிறேன்.

நைனாவிடம் சொன்னேன். முதலில் பத்து நிமிஷம் சிரித்தார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாப் பிரச்சினைக்கும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“எக்கோ போட்டியா?”

எக்கோ என்றால் அவருக்கு உயிர். அவருக்கு மட்டுமா, நம் ஊர் மேடைக்கே. ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்றால் ‘மக்களே மக்களே’ என்று தேரடி வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். கானா கச்சேரியில் பாடுகிற தம்பிகளும் மைக்கைத் தட்டிவிட்டு முதலில் கேட்பது அதைத்தான். சாஃப்ட்வேரில் அது டிலே என்றும் ரிவெர்ப் என்றும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சொல் தனியாகத் திரும்பி வந்தால் டிலே. எது முதல், எது திரும்பி வந்தது என்று பிரிக்க முடியாமல் குழைந்துபோனால் ரிவெர்ப். போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். ராயபுரத்துப் பக்கம் சர்ச் கல்யாணங்கள் வந்தால் ஃபாதரின் குரல் கூரைக்குப் போய் இறங்கி வரும். டீ-ரிவெர்ப் போட்டால் பாதி போகும், அதோடு குரலின் சதையும் கொஞ்சம் போகும். அங்கெல்லாம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைப்பதைத் தவிர மருந்தே இல்லை.

“எக்கோ வேணாம் நைனா. மேளம் வேணும்.”

கேமரா ட்ராக்கைப் போட்டுக் காட்டினேன். முதல் அடி உடைந்து, பிறகு அமுங்கி, பிறகு மூச்சு வாங்குவதைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“உன் மெஷினு மேளம் வந்தப்புறம் வால்யூமை இறக்குது. அது லேட்டு. அய்யரு விரலைத் தூக்குனாரா, அப்பவே கை வால்யூம் மேல போயிடணும். நான் மேளத்தையா பாத்துக்கினு இருப்பேன்? அய்யரு கையைத்தான் பாத்துக்கினு இருப்பேன்.”

இதை எத்தனையோ டுடோரியலில் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி யாரும் சொன்னதில்லை. கம்ப்ரஸர் என்பது என்ன? பெரிய சத்தத்தை அமுக்குகிற எஃபெக்ட். எல்லை -18 டெசிபல், ரேஷியோ 3க்கு 1 என்று வைத்தால், எல்லையைத் தாண்டி 3 டெசிபல் ஏறுகிற சத்தத்தை 1 டெசிபல்தான் ஏற விடும். ஆனால் சத்தம் வந்த பிறகுதான் அது முழித்துக்கொள்ளும். அட்டாக், அதாவது முழித்துக்கொள்ள எடுக்கும் நேரம், 10 மில்லிவினாடி என்றால் அந்த இடைவெளியில் தவிலின் முதல் அடி சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடும். இதற்காகத்தான் சத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் விடவே விடாத லிமிட்டர்கள் சிலவற்றில் லுக்அஹெட் வைத்திருக்கிறார்கள், வரப்போவதை ஒன்றிரண்டு மில்லிவினாடி முன்னாலேயே எட்டிப் பார்க்கும். நைனாவின் லுக்அஹெட் அய்யரின் விரல்.

சரி, இறக்குவதற்கு முதலில் நல்ல மேளம் வேண்டுமே. கேமராவில் இருப்பது உடைந்த மேளம். ஆயாவுக்கே திரும்பப் போன் போட்டு, யாராவது போனில் எடுத்திருந்தால் அனுப்பச் சொன்னேன். யாராவதா? ஊரே எடுத்திருக்கிறது. மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் 23 வீடியோ. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தையும் சத்தத்தையும் பிழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில், நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தப்பாவின் வீடியோவில் மேளம் உடையாமல் முழுசாக இருந்தது. மனிதர் போனை ஆட்டாமல் பிடித்திருக்கிறார், யாரோடும் பேசவும் இல்லை. அவருக்குக் கோடி புண்ணியம்.

இனிமேல் பொருத்தும் வேலை. தவில் இருக்கும்போது கிளாப் போர்டு எதற்கு? முதல் அடி இரண்டு ட்ராக்கிலும் ஊசி மாதிரி எழும்பி நிற்கிறது, ஊசிக்கு நேராக ஊசியை வைத்தால் முடிந்தது. ஆனால் ஒரு சின்ன விஷயம். நம் ஊர் வெக்கையில் சத்தம் வினாடிக்கு 350 மீட்டர் வாக்கில் போகிறது. சித்தப்பா மேடையிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருந்தார் என்றால், அவர் போனுக்கு மேளம் 23 மில்லிவினாடி தாமதமாகப் போயிருக்கும். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி, ஆக அரை ஃபிரேமுக்குச் சற்று மேல். மாப்பிள்ளை மைக்கிலும் மேளம் லேசாகக் கேட்கிறதல்லவா, இந்த அரை ஃபிரேமை விட்டால் இரண்டு மேளமும் ஒன்றை ஒன்று துரத்தி, நைனா கேட்ட எக்கோ தானாக வந்துவிடும். ஃபிரேம் கணக்கில் நகர்த்தாமல், ஆடியோ பக்கத்துக்குப் போய் அதைவிடச் சின்ன அளவில் நகர்த்தினேன். இதே கணக்கினால்தான் மண்டபத்தின் பின்சுவரில் கேமரா வைத்து எடுத்தால் உதடு முன்னே போய் சத்தம் பின்னே வரும். இன்னொன்று, போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஒரே சீராக ஓடாது, நீளமான காட்சியில் போகப் போகச் சத்தம் விலகும். 14 வினாடியில் அந்தத் தொல்லை இல்லை.

மாப்பிள்ளை மைக்கில் பழைய எஃபெக்ட்டை 100லிருந்து 30க்கு இறக்கினேன், மந்திரம் முடியும் வரைக்கும் மட்டும். அதிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சத்தத்தை வெட்டுகிற ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். என்னைக் கேட்டால் சாஃப்ட்வேரில் இருக்கும் எஃபெக்ட்டுகளிலேயே இதுதான் தங்கம். பேருக்குப் பகட்டு இல்லை, யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஆண் குரலின் அடியே 85 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் தொடங்குகிறது, பெண் குரல் 165 வாக்கில். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஜெனரேட்டர், ஏசி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் உறுமல். ஒரே வெட்டில் போய்விடும். ஆனால் மேளம் இருக்கும் ட்ராக்கில் அதைப் போடக்கூடாது. தவிலுக்கு வலது பக்கம் விரலில் கூடு மாட்டி அடிக்கிற வலந்தலை, இடது பக்கம் குச்சியால் அடிக்கிற தொப்பி. அடியில் வெட்டினால் தொப்பி மெலிந்துபோய், தகர டப்பா தட்டுகிற மாதிரி ஆகிவிடும். போனின் சின்ன ஸ்பீக்கரில் எப்படியும் தொப்பி வராது, அதனால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் ஏற்றி வலந்தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். டிவியில் தொப்பி, போனில் வலந்தலை. வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி ஆளுக்கு ஒன்று.

அதன் பிறகு எந்த எஃபெக்ட்டும் இல்லை. வால்யூம் கோட்டில் கையால் புள்ளி வைத்தேன். நைனா சொன்ன மாதிரி அய்யரின் விரலைத் தேடி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். அவர் விரலைத் தூக்கியதற்கும் முதல் அடிக்கும் நடுவில் 11 ஃபிரேம். அந்த 11 ஃபிரேமுக்குள் மாப்பிள்ளை மைக்கை இறக்கி, மேளத்துக்கு வழிவிட்டேன். மேளம் ஓயும்போது கூட்டத்தின் சத்தத்தை மெல்ல ஏற்றினேன். கடைசியாக மொத்தத்துக்கும் -1 டெசிபலில் ஒரு லிமிட்டர், காவலுக்கு. யூடியூபில் போட்டால் அவர்களே -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கான அளவு) வரைக்கும் இறக்கிக்கொள்வார்கள், அதனால் நாம் கத்த வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அண்ணனுக்கு நான் சொல்லாத நாளில்லை. அவர் இன்னும் ‘சவுண்டு பத்தலையே’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன் என்றேன் அல்லவா, அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கேமரா பெண்ணின் கழுத்தை நெருக்கமாக எடுத்திருக்கிறது. மாப்பிள்ளையின் முகம் படத்தில் இல்லை, கைகள் மட்டும். முதல் முடிச்சு போடும் விரல்கள் நடுவில் ஆறு ஃபிரேம் அப்படியே நிற்கின்றன. கால் வினாடி. குனிந்திருக்கும் பெண் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள், சிரிப்பை அடக்குகிற கடி. அந்தத் தும்மல் மாப்பிள்ளை மைக்கில் -5 டெசிபலில் எழும்பியிருக்கிறது. ‘மறைக்குது’ என்றவர் -30க்கும் கீழே. மைக் இருந்தது மாப்பிள்ளையின் சட்டையில்.

நாத்தனார் அடுத்த முடிச்சுக்கு வருவதற்குள் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி ஆகிவிடுகிறார்கள். அந்த ஷாட்டை வெட்டலாமா என்று யோசித்தேன். மேளம்தான் திரும்ப வந்துவிட்டதே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுப் பென்டிரைவை நைனாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வரும்போது ஒரு பை நிறைய சங்கரா மீனோடு வந்தார். சாயங்காலம் ஆயா போன் செய்தார்.

“இப்ப நல்லாக் கீதும்மா. மேளம் கணீர்னு கேக்குது. எதிர்வீட்டுக்காரிலாம் வந்து பாத்துட்டுப் போனா.” கொஞ்சம் நிறுத்தி, “ஆமா, யாரும்மா அது தும்முனது? உனக்குத்தான் மெஷின்ல எல்லாம் தெரியுமே.”

“கூட்டத்துல பின்னாடி யாரோ, ஆயா. சரியாத் தெரியல” என்றேன்.